கிணறு ஏறவில்லை, போர் காற்று விடுகிறது, கரை கசிகிறது: எங்கே போய்ப் பார்ப்பது?

எங்கள் பக்கம் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால் முதல் போன், போர் (ஆழ்துளைக் கிணறு) போடும் ரிக் வண்டிக்காரருக்குப் போகும். இரண்டாவது போன், உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவருக்கு. தோட்டத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்க்கலாம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. கிணற்றுக் கோளாறு என்று நாம் சொல்வதில் நிறைய, கிணற்றுக்குள்ளேயே இருப்பதில்லை. மேலே இருக்கிற மேட்டிலோ கீழே இருக்கிற பள்ளத்திலோ இருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் நான் முதலில் உங்களை நடக்கத்தான் சொல்லப்போகிறேன்.

நான் எழுதுவது பெரும்பாலும் பல்லடம், காங்கேயம் மாதிரியான கெட்டிப்பாறைப் பூமியை வைத்து. தமிழ்நாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலம் இப்படித்தான். மேலே ஒன்றிரண்டு அடி செம்மண். சில இடத்தில் அதற்கடியில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கட்டி. அதற்கும் கீழே கையால் பிசைந்தால் உதிர்கிற நைந்த பாறை. அப்புறம் வெடிப்பு விழுந்த பாறை. கடைசியில் சம்மட்டிக்கும் அசையாத பாறை. தண்ணீர் தங்குவது நைந்த பாறையில். ஓடுவது வெடிப்பில். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் கீழே சொல்லும் பாதி விஷயம் தானாகப் புரிந்துவிடும். பூமிக்கடியில் ஆறு ஓடுகிறது என்ற பேச்சை மட்டும் இப்போதே மறந்துவிடுங்கள். இங்கே ஆறெல்லாம் இல்லை, ஈரமான வெடிப்புகள்தான் இருக்கின்றன.

எதற்கும் முன்னால்: மூன்று கிணற்றின் மட்டம்

டாக்டரிடம் போனால் முதலில் நாடி பார்ப்பார். இங்கே நாடி என்பது தண்ணீர் நிற்கும் மட்டம். விடியற்காலையில், மூன்று பேஸ் கரண்ட் வருவதற்கு முன்னால், அக்கம்பக்கத்தில் யாரும் மோட்டார் போடாத நேரத்தில் பாருங்கள்.

திறந்த கிணற்றுக்குக் கயிறும் கல்லும் போதும். வெறும் போர்க்குழியாக இருந்தால் சின்ன எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, அடியில் ஓட்டை போட்டு நூலில் கட்டி இறக்குங்கள். தண்ணீரைத் தொட்டதும் 'டொப்' என்று மேலே கேட்கும். இரண்டு மூன்று முறை தூக்கித் தூக்கிப் போட்டால் ஒரு இஞ்ச் பிசகாமல் அளந்துவிடலாம். மோட்டார் இறங்கியிருக்கும் போரில் இது வேண்டாம், கேபிளில் சிக்கிக்கொண்டால் வம்பு. மெயினை அணைத்துவிட்டு, நுனி உரித்த இரட்டை ஒயரை மெதுவாக இறக்கி மேலே மல்டிமீட்டரை மாட்டினால், தண்ணீரைத் தொட்டதும் முள் துள்ளும்.

ஒரு கிணற்றை மட்டும் அளந்து பிரயோஜனமில்லை. மூன்று வேண்டும், அதுவும் ஒரே நேர்கோட்டில் இல்லாத மூன்று. கொத்தனாரிடம் மட்டக்குழாய் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் கண்ணாடி மாதிரிக் குழாய்) வாங்கி, ஐம்பது ஐம்பது அடியாக நகர்த்தி, மூன்று கிணற்று வாய்களுக்கும் உள்ள மேடு பள்ளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, உங்கள் கிணற்றில் வாயிலிருந்து 45 அடியில் தண்ணீர். மேட்டுத் தோட்டத்துக் கிணற்று வாய் உங்களுடையதைவிட 6 அடி உயரம், அதில் 38 அடியில் தண்ணீர். உங்கள் வாயிலிருந்து கணக்கிட்டால் அது 32 அடி. பள்ளத்துத் தோட்டத்துக் கிணற்று வாய் 4 அடி தாழ்வு, தண்ணீர் 52 அடியில், கணக்கில் 56. ஆக மேட்டிலிருந்து உங்கள் வழியாகப் பள்ளத்துக்குத் தண்ணீர் போகிறது, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மேட்டுத் தோட்டத்து அண்ணன் புது போர் போட்டு இரவு பகலாக ஓட்டி, அவர் மட்டம் கணக்கில் 60 அடிக்குப் போய்விட்டால்? மேலே நிலம் அவர் பக்கம் உயரமாகவே இருக்கும். அடியில் உங்கள் தண்ணீர் மேட்டை நோக்கி நடக்க ஆரம்பித்திருக்கும். கண்ணால் பார்த்து இதை யாராலும் சொல்ல முடியாது, தேங்காயாலும் முடியாது.

மாதம் ஒருமுறை இந்த மூன்று எண்ணையும் காலண்டரிலேயே எழுதி வையுங்கள்.

'ஊரெல்லாம் மழை, எங்கள் கிணறு மட்டும் ஏறவில்லை'

முதல் கேள்வி: மழை பெய்து எத்தனை நாள் ஆகிறது? நைந்த பாறை வழியாக இறங்கும் தண்ணீர் அவசரப்படாது. ஐப்பசி மழைக்குக் கார்த்திகைக் கடைசியில் கிணறு ஏறுவது சாதாரணம். நாலு நாளில் ஏறவில்லை என்று பதறுவது, விதை போட்ட மறுநாள் மண்ணைக் கிளறிப் பார்ப்பது போல.

இரண்டு மாதம் ஆகியும் ஏறவில்லை என்றால், அடுத்த மழையில் குடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போங்கள். மழை நின்ற பிறகு போனால் ஒன்றும் தெரியாது. பெய்யும்போதே தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். வரப்பு உடைந்து செம்புழுதி நிறத்தில் ரோட்டுக்கு ஓடுகிறதா? அப்படியானால் உங்கள் மழை பக்கத்து ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

ஓடாமல் வயலிலேயே நின்றும் கிணறு ஏறவில்லையா? மண் குடிக்கிறதா என்று சோதியுங்கள். ஒரு முழ ஆழத்துக்குச் சதுரக் குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். இந்த முதல் ஊற்று மண் நனைவதற்கு மட்டும், கணக்கில் சேராது. மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் கோடு கிழித்து, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். மணல் மண் 30 மில்லிமீட்டருக்கு மேல் குடிக்கும். மணலும் களியும் கலந்த நல்ல இருபொறை மண் 10 முதல் 20. களிமண்ணுக்கு ஒன்று முதல் ஐந்து வந்தாலே பெரிது. செம்மண்ணாக இருந்தும் களிமண் கணக்கு வந்தால், டிராக்டர் ஓடி ஓடி இறுகிப்போன அடுக்கு ஒன்று கீழே இருக்கும், இல்லாவிட்டால் சுக்கான் பாறையாகப் படிந்திருக்கும். கடப்பாரையால் குத்தினால் சத்தத்திலேயே தெரியும். இறுகிய மண்ணுக்குக் கோடையில் ஒரு ஆழ உழவு போதும். சுக்கானை உழவு உடைக்காது. அதைத் தாண்டி இறங்கும் குழி வெட்டி ஜல்லி, மணல் நிரப்ப வேண்டியிருக்கும்.

அடுத்து குட்டையைப் பாருங்கள். குட்டையில் மூன்று மாதமாகத் தண்ணீர் நிற்கிறது, பக்கத்துக் கிணறு காய்கிறது என்றால் அடியில் வண்டல் மெழுகின மாதிரி படிந்துவிட்டது. காய்ந்த பிறகு அடியில் வெடித்து ஓடு ஓடாகப் பெயர்கிறதே, அதுதான். எடுத்து வயலில் போடுங்கள், இரண்டுக்கும் நல்லது. குடிக்கவும் மாட்டுக்கும் தேக்கி வைக்கிற குளமாக இருந்தால் மட்டும் யோசித்து எடுங்கள், அந்த மெழுகைச் சுரண்டிவிட்டால் குளத்தில் தண்ணீர் நிற்காது. கிணறு வேண்டுமா குளம் வேண்டுமா என்று ஊர் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லையா? அப்படியானால் கூட்டிக் கழித்துப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. வருஷ மழை 600 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கரில் விழுவது சுமார் 24 லட்சம் லிட்டர். கேட்கப் பெரிய தொகைதான். நைந்த பாறைப் பூமியில் மழையில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பன்னிரண்டு பங்குதான் நிலத்தடிக்குப் போய்ச் சேர்கிறது. நடுவில் எட்டு என்று வைத்தால் இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஏக்கருக்கு எழுபது தென்னை, கோடையில் மரத்துக்கு நாளுக்கு 60 லிட்டர் சொட்டுநீர் என்றால் தினம் 4,200 லிட்டர். ஒரு வருஷ வரவு நாற்பத்தாறு நாளில் தீர்ந்துவிடும். மீதி நாளைக்கு யார் தண்ணீரைக் குடிக்கிறோம்? பழைய சேமிப்பை, அல்லது பக்கத்துக் காட்டுக்காரர் பங்கை. இந்தக் கணக்கை அப்பாவிடம் போட்டுக் காட்டியபோது அவர் பதில் பேசவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே தென்னையை அண்ணாந்து பார்த்தார்.

ஒரு ஆறுதல் உண்டு. இந்தப் பாறை தன் கன அளவில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் தண்ணீரை வைத்திருந்து வெளியே விடும். அதனால் மேலே சொன்ன 600-இல் நூற்றுக்கு எட்டு, அதாவது 48 மில்லிமீட்டர் உள்ளே இறங்கினாலே மட்டம் 2.4 மீட்டர் ஏறும். சட்டென்று காலியாகிற கிணறு சட்டென்று நிறையவும் செய்யும்.

'மோட்டார் போட்ட பத்து நிமிஷத்தில் காற்று விடுகிறது'

இதில் மூன்று நோய்க்கு ஒரே அறிகுறி. மோட்டாரை நிறுத்திவிட்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மட்டம் ஏறுவதை அளங்கள்.

கால் மணிக்குள் பழைய மட்டத்துக்கே வந்துவிட்டதா? பூமியில் குறையில்லை. உங்கள் மோட்டார் பெரியது, ஊற்று சின்னது. ஒன்றரை இஞ்ச் தண்ணீர் வரும் போரில் ஏழரை எச்.பி. மாட்டியிருப்பீர்கள். சின்ன மோட்டாரை வைத்து அதிக நேரம் ஓட்டுங்கள், அல்லது வால்வைக் குறைத்து வையுங்கள். காசு செலவில்லாத மருந்து என்பதாலோ என்னவோ, இதை யாரும் நம்புவதில்லை.

மிக மெதுவாக, மணிக்கணக்கில் ஏறுகிறதா? வெடிப்பு அடைத்திருக்கலாம். குழாயை உருவும்போது துரு நிறத்தில் வழவழவென்று பாசி மாதிரி ஒட்டியிருந்தால் இரும்பைத் தின்னும் நுண்ணுயிரின் வேலை. கம்ப்ரசர் வைத்துப் போரைக் கழுவினால் ஓரளவு திறக்கும். பாசி இல்லை, மூன்று கிணற்று மட்டமும் சேர்ந்தே இறங்கியிருக்கிறது என்றால் கழுவுவது வீண். சுற்று வட்டாரமே வற்றிக்கொண்டிருக்கிறது.

வேகமாக ஏறுகிறது, ஆனால் முன்பைவிட இருபது அடி கீழேயே நின்றுவிடுகிறது என்றால் பக்கத்தில் யாரோ ஓட்டுகிறார்கள். ஓடும் போரைச் சுற்றி நீர்மட்டம் புனல் மாதிரி குழியும். இரண்டு புனல் ஒன்றையொன்று தொட்டால் இரண்டு பேருக்கும் காற்றுதான். முறை வைத்து ஓட்டப் பேசிப் பாருங்கள். மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த பழைய கமலைக் காலத்தில் பங்காளிகள் பொதுக்கிணற்றில் நாள் முறை வைத்து இறைத்தவர்கள்தான் நாம்.

'கிணற்றுக்குள் போர் இறக்கினோம், இருந்த தண்ணீரும் போச்சு'

இது எங்கள் வீட்டுக் கதை. அப்பாரு (தாத்தா) காலத்துக் கிணறு, அறுபது அடி, கோடையிலும் முழங்காலளவாவது நிற்கும். ஒரு வருஷம் போதவில்லை என்று கிணற்றின் அடியிலேயே செங்குத்தாகப் போர் போட்டோம். இருநூறு அடி தாண்டியதும் குழிக்குள் 'சளசள' என்று சத்தம். ரிக் ஆட்கள் தண்ணீர் வந்துவிட்டது என்று தேங்காய் உடைத்தார்கள். மறுநாள் காலையில் கிணற்றடியில் ஈரமண்தான் இருந்தது. அந்தச் சத்தம் தண்ணீர் மேலே வந்த சத்தமில்லை, கிணற்றுத் தண்ணீர் கீழே விழுந்த சத்தம்.

நடந்தது இதுதான். ஆழத்தில் இருந்த வெடிப்பு ஏற்கெனவே மற்றவர்கள் இறைத்து இறைத்து அழுத்தம் குறைந்து கிடந்தது. மேல் ஊற்றுக்கும் அதற்கும் நடுவில் தடுப்பாக இருந்த கெட்டிப் பாறையில் நாமே ஓட்டை போட்டுக் கொடுத்தோம்.

கண்டுபிடிப்பது சுலபம். குழிக்குள் காதை வைத்தால் விழும் சத்தம் கேட்கும், இரவில் நன்றாகவே கேட்கும். போரின் மட்டம் கிணற்று மட்டத்தைவிட ரொம்பக் கீழே நிற்கும். தீர்வும் உண்டு: மேலிருக்கும் ஊற்றுக் கால்களுக்குக் கீழே கெட்டிப் பாறை வரைக்கும் குழாய் இறக்கி, சுற்றிலும் சிமெண்டுக் கலவையால் அடைப்பது. குழாயின் வாய் கிணற்று மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். நாங்கள் அப்படிச் செய்து இரண்டு மழைக்காலம் கழிந்துதான் பழைய நிலைக்கு வந்தது. ஆழம் கூடக்கூட வெடிப்பின் வாய் நெருங்கிக்கொண்டே போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆயிரம் அடிக்குப் போனவர் எல்லோருக்கும் தண்ணீர் வந்திருந்தால் ஊரில் இத்தனை மூடிய குழாய்கள் நிற்காது. மூடாமல் விட்ட குழியை இன்றைக்கே மூடுங்கள், அது தண்ணீர்ப் பிரச்சினையே இல்லை, குழந்தைகளின் உயிர்.

சைடு போர் வேறு சங்கதி. கிணற்றுச் சுவரில் கிடையாகத் துளைப்பது, நைந்த பாறையிலேயே அதிக வெடிப்பைத் தொடுகிறது. கசிவு இருக்கும் பக்கமாகப் பார்த்துப் போட்டால் பெரும்பாலும் கெடுதல் இல்லை.

மழைக்கு மறுநாளே மட்டம் ஏறி, தண்ணீரும் கலங்கி வருகிறது

பலர் இதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். எனக்குப் பயம். மண்ணில் வடிகட்டி வரும் தண்ணீருக்கு இத்தனை வேகம் கிடையாது. போரின் மேல்பகுதியில் மண் சரியாமல் இறக்கும் கேசிங் பைப் பாறையில் சரியாக உட்காரவில்லை, அதன் ஓரமாகத் தெருத் தண்ணீரும் மாட்டுக் கொட்டகைத் தண்ணீரும் நேராக இறங்குகிறது. குழாயைச் சுற்றி மண் உள்வாங்கியிருக்கிறதா பாருங்கள். சுற்றிலும் தோண்டி சிமெண்டால் அடைத்து, வெளிப்பக்கம் சரிவாக ஒரு மேடை கட்டுங்கள். குடிக்கும் கிணறாக இருந்தால் ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர். நான்கு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 38 ஆயிரம் லிட்டர், 95 கிராம் போதும். வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் வாளியோடு கிணற்றுக்குள் இறக்கிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம்.

மழைக்குச் சம்பந்தமில்லாமல் எப்போதும் மணல் வந்தால் அது கேசிங் குறைச்சல் அல்லது மோட்டார் வேகம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். நிமிஷத்தில் அடியில் படிந்தால் மணல். மறுநாளும் கலங்கலாகவே நின்றால் களி.

உப்பு ஏறுகிறது

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க, சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது, வாங்கி வையுங்கள். மோட்டார் போட்டவுடன் ஒரு அளவு, இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு ஒரு அளவு. ஓட ஓட ஏறினால், தூரத்திலோ ஆழத்திலோ இருக்கும் உப்பு நீரை நீங்கள் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஓட ஓட இறங்கினால், உங்கள் கிணற்றுக்குப் பக்கத்திலேயே அழுக்கு இறங்குகிறது.

உள்நாட்டில் உப்பு வரும் வழி ரொம்பச் சாதாரணமானது. ஆழ்போர்த் தண்ணீரை வயலில் விடுகிறோம். தண்ணீரை வெயிலும் பயிரும் குடித்துவிட, உப்பு மண்ணில் தங்குகிறது. அடுத்த பாய்ச்சலில் கரைந்து கீழே போகிறது. அதையே மறுபடி இறைக்கிறோம். சாம்பாரைத் திரும்பத் திரும்பச் சுண்ட வைக்கிற மாதிரிதான். நல்ல மழைநீரை உள்ளே விட்டு நீர்க்கச் செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது. ஆற்றில் சாயக்கழிவு வந்த இடங்களில் இது இன்னும் மோசம். நொய்யலில் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயத் தண்ணீரைத் தேக்கி வைக்கும் தொட்டியாகவே ஆகிப்போனது. சுற்றுக் கிணறுகள் அதைக் குடித்தன.

கடற்கரையில் விதி வேறு. நன்னீர் லேசானது, கடல்நீர் கனமானது, ஒன்றின் மேல் ஒன்று மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மேலே ஒரு மீட்டர் இறைத்துவிட்டால் அடியில் கடல் 40 மீட்டர் ஏறப் பார்க்கும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் இப்படித்தான் கடல் உள்ளே வந்தது. அங்கே போய் ஆழமாகப் போடுங்கள் என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். ஆழம் குறைந்த உறைகிணறு, சின்ன மோட்டார், கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பது. அவ்வளவுதான் அங்கே முடியும்.

ஃபுளோரைடு நாக்குக்குத் தெரியாது, மீட்டருக்கும் தெரியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாறையிலேயே இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கோடு தெரிந்தால் சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. கொதிக்க வைத்தால் போகாது, இன்னும் செறிவாகும்.

குளக்கரையில் கசிவு

ராத்திரி பத்து மணிக்கு வருகிற போன் பெரும்பாலும் இதுதான். நான் கேட்கும் முதல் கேள்வி: தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா?

கரையின் வெளிச்சரிவில், அடிவாரத்தில், தெளிந்த நீர் கசிவது மண்கரைக்கு இயல்பு. ஒரு குடத்தை வைத்து நிரம்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டு தூங்கப் போகலாம். காலையில் அதே நேரமா என்று பாருங்கள். நேரம் குறைந்திருந்தால் கவனம் வேண்டும்.

கலங்கி வந்தால் தூக்கம் கிடையாது. தண்ணீர் மண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்றால், கரைக்குள் ஒரு குழாய் தோண்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தோண்டுவது வெளிவாயில் தொடங்கி உள்ளே குளத்தை நோக்கிப் போகும். குளத்தைத் தொட்ட பிறகு செய்ய ஒன்றுமில்லை. நண்டு வளை, எலி வளை, வெட்டிப்போட்ட வேலமரத்தின் செத்த வேர், மதகுச் சுவர் மண்ணோடு சேரும் ஓரம், இந்த நான்கும்தான் வழக்கமான தொடக்கங்கள். தரையில் சோறு கொதிப்பது போல மண் குமிழியிடும். அதன் சுற்றிலும் மணல் ஒரு சின்ன எரிமலை மாதிரி குவிந்திருக்கும்.

இங்கேதான் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள்: களிமண்ணைக் கொண்டுவந்து கசியும் வாயை அடைப்பது. அடைத்தால் தண்ணீர் நிற்காது, பக்கத்தில் வேறு வாய் திறக்கும், அழுத்தமும் ஏறும். வாயை அடைக்காதீர்கள், மண்ணை மட்டும் நிறுத்துங்கள். குமிழி மேல் முதலில் ஆற்று மணல், அதன் மேல் பொடிச் சல்லி, அதன் மேல் ஜல்லி, மேலே கல். கோதுமை மாவைச் சலிக்கிற கதைதான்: தண்ணீர் போகட்டும், மண் தங்கட்டும். சுற்றிலும் மணல் மூட்டையை வளையமாக அடுக்கி, உள்ளே தண்ணீர் ஏற விடுங்கள். ஏறிய தண்ணீரின் கனமே உள்ளிருந்து வருவதைத் தள்ளிப் பிடிக்கும். வெளியே வருவது தெளியும் வரை மூட்டையை உயர்த்திக்கொண்டே போகலாம். களிமண் வேலை இருக்கிறது, ஆனால் அது கரையின் உள்பக்கம், தண்ணீர் நுழையும் இடத்தில். கூடவே மதகைத் திறந்து குளத்து மட்டத்தை இறக்குங்கள். உபரித் தண்ணீர் வழிந்து போகும் கலிங்குக்கு முன்னால் சேர்ந்த செடி, பாலிதீன் குப்பையை எடுக்க ஆள் அனுப்புங்கள். மண்கரைக்கு மேல் தண்ணீர் வழிந்தால் அரை மணியில் கரை போய்விடும்.

தோட்டத்தில் ஓடை விழுந்துவிட்டது

போன வருஷம் கால் அகலத்தில் இருந்த வாய்க்கால் இந்த வருஷம் ஆள் இறங்கும் பள்ளம். பள்ளத்தின் தலைமாட்டில், செங்குத்தாக மண் சரிந்து நிற்கும் இடத்தில் போய் நில்லுங்கள். ஓடை வளர்வது அங்கே, அதுவும் மேட்டை நோக்கிப் பின்பக்கமாக. தண்ணீர் விளிம்பிலிருந்து விழுந்து அடியைக் குடைகிறது, மேலே இருப்பது சரிகிறது, விளிம்பு ஒரு அடி பின்னால் போகிறது.

பள்ளத்தில் மண் கொட்டி நிரப்புவது வீண் வேலை, அடுத்த மழை அதை முதலில் தின்னும். தலைமாட்டுக்கு மேலே தண்ணீரை மறித்து, சரிவுக்குக் குறுக்காக ஒரு வரப்பு போட்டு, புல் முளைத்த பக்கமாகத் திருப்புங்கள். அப்புறம் பள்ளத்துக்குள் கல்லடுக்குத் தடுப்புகள். தடுப்பின் நடு தாழ்ந்தும் இரண்டு ஓரமும் உயர்ந்தும் இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு கரையை அறுக்கும். கீழ்த் தடுப்பின் தலை, மேல்த் தடுப்பின் காலுக்குச் சமமட்டம். மறுபடி மட்டக்குழாய்தான். இரண்டு மழையில் தடுப்புக்குப் பின்னால் மண் நிரம்பிவிட்டது, வேலை கெட்டுவிட்டது என்று ஒருவர் வருத்தப்பட்டார். மண் நிரம்பத்தான் தடுப்பே.

கிணற்றுக்காரர்கள் ஏன் ஓடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்றால், ஆழமாக விழுந்த ஓடை பக்கத்து நிலத்தின் நீரையும் வடித்துக்கொண்டு போய்விடும். பத்தடிப் பள்ளம் பத்தடி வடிகால்தான்.

ஆற்றோரக் கிணறு வற்றுகிறது

ஆற்றுப் படுகையை எட்டிப் பாருங்கள். பழைய பாலத்தின் தூண்களில் முன்பு மண்ணுக்குள் இருந்த அடிக்கட்டு வெளியே தெரிகிறதா? படுகை இறங்கிவிட்டது. மணல் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் தண்ணீர் வைத்திருக்கும், நமது பாறையைப் போலப் பத்து மடங்கு. ஒரு மீட்டர் மணல் போனால் சதுர மீட்டருக்கு இருநூறு லிட்டர் தொட்டி போச்சு. முன்பு ஆறு கிணற்றுக்குக் கொடுத்தது. படுகை தாழ்ந்த பிறகு கிணறு ஆற்றுக்குக் கொடுக்கிறது. தனி ஆள் சரிசெய்யக் கூடிய கோளாறு இல்லை இது, ஆற்றின் குறுக்கே தரைமட்டத்துக்கு அடியில் தடுப்புச் சுவர் கேட்டு ஊராக மனுக் கொடுக்க வேண்டியது.

படுகை ஏறுவதும் இறங்குவதும் சின்ன விஷயமில்லை. திருச்சிக்கு அருகே முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. காவிரிப் படுகை வண்டலால் ஏறிக்கொண்டே போக, நேராகவும் சரிவாகவும் ஓடும் கொள்ளிடம் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொண்டது. தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. அதற்காகத்தான் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார்.

மோட்டார் ரூமை ஆற்று வளைவின் வெளிக்கரையில் கட்டியிருந்தால், அதை உட்கரைக்கு மாற்ற இடம் பாருங்கள். வெளிக்கரையை ஆறு அறுக்கும், உட்கரையில் கொட்டும். கல் கொட்டித் தடுத்தால் அறுப்பு சற்றுக் கீழே தள்ளிப் போகும், பக்கத்துக்காரர் நிலத்துக்கு.

மலைச்சரிவில் ஊற்று திடீரென்று கலங்குகிறது, அல்லது நின்றுவிடுகிறது

நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு மாதிரி இடத்தில் இருப்பவர்களுக்கு. விடாத மழையில் வருஷக்கணக்காகத் தெளிவாக ஓடிய ஊற்று சேறாக வருவது, ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று நிற்பது, இல்லாத இடத்தில் புது ஊற்று கிளம்புவது. சரிவில் பிறை வடிவில் வெடிப்பு. கதவு நிலை இறுகித் திறக்க மறுப்பது. மரமும் கம்பமும் ஒரே பக்கம் சாய்வது. மண்ணுக்குள் தண்ணீர் ஏறி, பாறை மேல் இருக்கும் மண் மொத்தமும் நழுவப் பார்க்கிறது என்பதற்கான அடையாளங்கள் இவை. 2009 நவம்பரில் நீலகிரியில் இப்படிச் சரிந்த மண்ணில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இதற்கு மட்டும் எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு, பள்ளத்து வழியைத் தவிர்த்துப் பக்கவாட்டில் நடந்து, உறுதியான மேட்டில் இருக்கும் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்ச் சேருங்கள். போகிற வழியில் கீழ்வீட்டுக் கதவையும் தட்டிவிடுங்கள்.